சூடு ஏறாத வண்டி

டிசம்பர் 12, வியாழன்

வண்டி இன்று வீடு வந்து சேர்ந்தது. கோர்ட் உத்தரவு கையில் இருந்தும் காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள். பம்பரின் இடது மூலை நசுங்கியிருக்கிறது, ஒரு ஹெட்லைட் இல்லை. அவ்வளவுதான். ஒரு பெண் செத்துப்போகிற அளவுக்கு மோதிய வண்டி என்று பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அதைப் பட்டறைக்குள் ஏற்றாமல் வெளியே வேலியோரம் நிறுத்தினார். கல்யாணமான வருடமே மலையடிவாரக் காரமடையிலிருந்து மேலே இந்தக் கோத்தகிரிக்கு வந்து பட்டறை போட்டோம். அவர் கையில் ஸ்பேனர், என் கையில் பில் புத்தகம். வேலைக்கு ஆள் வராத நாளில் நானும் ஸ்பேனர் பிடிப்பேன். எத்தனையோ அடிபட்ட வண்டிகள் வந்திருக்கின்றன, எதையும் அவர் வெளியே நிறுத்தியதில்லை.

என் தம்பி யுவராஜ் ஜன்னலைச் சாத்திக்கொண்டான். டாக்சி அவனுடையது. ஜாமீனில் வந்ததிலிருந்து எங்கள் பின்னறையில்தான் கிடக்கிறான். நவம்பர் கடைசியில், விடிகாலைப் பனியில், மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவில், கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஞானசௌந்தரி என்ற அம்மாள்மேல் ஏற்றிவிட்டான். அந்த இடத்திலேயே அவர் உயிர் போய்விட்டது. இவன் குடிக்கவில்லை, டாக்டர் சோதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். போனும் பேசவில்லை.

"முன் கண்ணாடியைப் பனி மூடிக்கிச்சுக்கா. தொடைக்கத் தொடைக்க மூடிக்கிச்சு." இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 13, வெள்ளி

பின்னறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்துவிட்டது என்று சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

வக்கீல் எட்வின் வீட்டுக்கே வந்தார். வண்டியைச் சோதித்த இன்ஸ்பெக்டர் பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, டயர் சரி என்று எழுதியிருக்கிறாராம். அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

"கண்ணாடி மூடிச்சுன்னு உங்க தம்பி சொல்றாப்ல. எல்லார் வண்டியிலயுந்தாம்மா மூடுது, எல்லாருமா ஆள் மேல ஏத்துறாங்கன்னு கேப்பாங்க. ஏன் தெளியலை? அதுக்கு வண்டியில ஒரு காரணம் இருக்கணும். இருந்தா அதை அப்படியே போட்டோ எடுத்து, ஒரு மெக்கானிக் கையெழுத்தோட குடுங்க. கேஸு வேற மாதிரிப் போயிரும்."

"எங்க வீட்டுலயே மெக்கானிக் இருக்காருங்களே" என்றேன்.

"சொந்தக்காரர் சொன்னா எடுபடாது. வெளியாள் ஒருத்தரைப் பாருங்க."

என் வீட்டுக்காரர் சட்டென்று, "வெளியாளெல்லாம் எதுக்குங்க, மொதல்ல நான் பாத்துச் சொல்றேன்" என்றார். வக்கீல் போனபிறகு யுவராஜ் கதவருகே வந்து நின்று, "மாமா, காரணம் ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டான். அடிபட்டதிலிருந்து அவனாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 17, செவ்வாய்

மூன்று நாளாகப் "பாக்கறேன், பாக்கறேன்" என்றவர் இன்று பார்த்தார். பார்த்த லட்சணம். வழக்கமாக இஞ்சின் ஓடும்போது தலையைச் சாய்த்துக் கேட்டே நோயைச் சொல்கிற மனுஷர். இன்று போனட்டைத் திறந்தார், மூடினார்.

வண்டியின் குறை பச்சைக்குழந்தைக்குத் தெரியும். ஸ்டார்ட் செய்து டீ குடித்துவிட்டு வந்தாலும் சூடு காட்டுகிற முள் அடியிலேயே படுத்துக்கிடக்கிறது. இஞ்சின் தண்ணீர் சூடானால்தான் ஹீட்டரில் சூட்டுக்காற்று வரும், அந்தக் காற்று அடித்தால்தான் கண்ணாடியில் படிகிற பனி விலகும். ஏசி ஓடினாலும் கண்ணாடி தெளியும், அது செத்து இரண்டு வருடமாகிறது.

"குளிர் ஊருல டீசல் வண்டி மெதுவாத்தான் சூடேறும்" என்றார்.

"இந்த ஊர்ல மத்த வண்டியெல்லாம் எதுல ஓடுது, பால்லயா?" என்று கேட்டேன்.

முள்ளுக்குப் போகிற சென்சார்தான் கோளாறு என்று புதுசு மாட்டினார். முள் அப்படியே கிடந்தது. உடனே கை கழுவப் போய்விட்டார். இவருக்கு என்ன வந்தது என்று எரிச்சலாக இருக்கிறது. யுவராஜின் உயிரே இதில் தொங்குகிறது என்று தெரியாதா?

டிசம்பர் 18, புதன்

இவர் ஒரு பிரேக்டவுனுக்குப் போன நேரத்தில் நானே பார்த்தேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டையை வெட்டி ரேடியேட்டருக்கு முன்னால் சொருகிக் குளிர்காற்றை மறைத்தேன். முள் கொஞ்சம் எழுந்தது. அட்டையை எடுத்தேன், மறுபடி படுத்தது. சென்சாரில் குறையில்லை, தண்ணீர் நிஜமாகவே சூடாகவில்லை.

இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு வால்வு உண்டு. தண்ணீர் கொதிக்கிற பக்குவத்துக்கு வரும்வரை மூடியே இருக்கும், பிறகுதான் திறந்து ரேடியேட்டருக்கு விடும். அது ஒழுங்காக வேலை செய்தால் ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஓஸ் குழாய் வெகுநேரம் சில்லென்று இருந்துவிட்டு ஒரேயடியாகச் சுடும். இதில் மேல் ஓஸும் கீழ் ஓஸும் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே சேர்ந்து வெதுவெதுவென்று வருகின்றன. வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது.

எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது. இதுதான் அந்தக் காரணம். வால்வைக் கழற்றிக் காட்டினால் போதும். யுவராஜிடம் இப்போதே சொல்லத் துடித்தேன். கையில் எடுத்துக்கொண்டே சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டேன். இட்லி இரண்டு கூடுதலாக வைத்தேன், ஒன்றைத் தின்றான்.

டிசம்பர் 20, வெள்ளி

இவர் சாமான் வாங்கக் கோயமுத்தூர் போனார். வாளியில் தண்ணீரை இறக்கிவிட்டு வால்வு மூடியைத் திறந்தேன். இரண்டே போல்ட்.

வால்வு சிக்கிக்கொண்டிருக்கவில்லை. வால்வே இல்லை. உள்ளே வெறும் ஓட்டை.

மூடியைச் சுற்றி, ஒழுகாமல் இருக்கத் தடவுகிற பாண்டுப் பசை, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஊரில் மற்றப் பட்டறைகளில் கறுப்பு வாங்குவார்கள். நடுவில் கசிவுக்காக வைத்திருந்த பேக்கிங் அட்டை கடையில் வாங்கியதல்ல, கையால் வெட்டியது. ஓரம் சவரம் செய்த மாதிரி அவ்வளவு சுத்தம். அந்த வெட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. கையெல்லாம் கறையாக இருந்ததால் போட்டோ எடுக்கவில்லை. இருந்தபடியே மூடித் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

மத்தியானம் கத்தரிக்காய்ப் பொரியல். உப்பு கூடிவிட்டது.

டிசம்பர் 21, சனி

யுவராஜ் ஜாமீன் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். இவர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"வால்வு எங்கீங்க?"

யார் வண்டி, எந்த வால்வு என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"சித்திரையில உன் தம்பி ஏத்தத்துல கொதிச்சுதுன்னு கொண்டாந்தானல்ல. ரேடியேட்டர் அடைப்பு. கழட்டிக் கீழ அனுப்பி அடைப்பெடுத்துட்டு வரோணும். அவனுக்கு அடுத்த நாளே கல்யாணச் சவாரி. வால்வைக் கழட்டி விட்டேன், கொதிக்கறது நின்னுருச்சு. கீழ எல்லாரும் அதைத்தான் பண்ணுவாங்க புள்ள. வெயில் ஊருல வால்வு எதுக்கு? காரமடையில வண்டி கொதிச்சு வந்தா மொத வேலை அதுதான். கை அப்படியே பழகிருச்சு."

"இது காரமடையா?"

தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார்.

"ஐப்பசியில வந்து, மாமா, வண்டி சூடே ஏற மாட்டேங்குதுன்னு சொன்னானா இல்லியா?"

"சொன்னான்."

"அப்பக்கூட ஞாபகம் வர்லீங்களா?"

"வந்துச்சு. ஒரு வேலையா இருந்தேன். அடுத்த சர்வீஸுக்குப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

தட்டைப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன். கல்யாணமான நாளிலிருந்து இவரை ஒருமையில் பேசியதில்லை. இன்று பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "எத்தனை டாக்சியில கழட்டி விட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. வெளிய தெரிஞ்சா ஒருத்தன் நம்ம வாசப்படி மிதிக்கமாட்டான். செத்தவங்க சொந்தம் என்னையும் சேத்துக் கோர்ட்டுக்கு இழுக்கும். யுவராஜுக்கு நல்லா வாதாடச் சொல்லுவோம். இந்த மாதிரி கேஸெல்லாம் அபராதத்தோட போயிரும்னு சொல்றாங்க."

சாயங்காலம் யுவராஜ் திரும்பி வந்தான். சொல்லியிருக்கலாம். இவர் பட்டறை மூலையில் டயர்மேல் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய ஆள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவப் போனேன்.

டிசம்பர் 23, திங்கள்

புது வால்வு வாங்கி வந்தார். ரேடியேட்டரையும் கீழே அனுப்பி அடைப்பெடுத்து வாங்கிவிட்டார். சித்திரையில் முடியாத வேலை இப்போது எப்படி முடிந்ததோ.

புது வால்விலும் கோளாறு வருவதுண்டு என்பதால் மாட்டுவதற்கு முன்னால் அடுப்பில் போட்டுப் பார்ப்போம். பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீரில் குமிழி வர ஆரம்பித்ததும் மெல்ல வாயைத் திறந்தது. இறக்கி வைத்ததும் மூடிக்கொண்டது. இவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டும்போது டார்ச் பிடித்தது நான்தான். இந்தமுறை கூலன்ட் ஊற்றினோம். ஸ்டார்ட் செய்ததும் முள் எழுந்தது, நிற்கவேண்டிய இடத்தில் போய் நின்றது. ஹீட்டர் காற்று முகத்தில் சுட்டது.

எப்படியும் வண்டியைச் சரிசெய்யத்தானே வேண்டும்? குறையோடு ரோட்டில் விட முடியுமா? நல்லதற்குத்தான் மாட்டினோம். பழைய பேக்கிங்கை அடுப்பில் போட்டேன். பட்டறைக் குப்பை எல்லாமே அடுப்புக்குத்தான் போகும்.

டிசம்பர் 24, செவ்வாய்

வெளியாள் யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று வக்கீலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 27, வெள்ளி

காலையில் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். இன்று நல்ல குளிர், ஊர்மேல் மெல்லிய பனி. வேலியோரம் யுவராஜ் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். சாவியை எப்போது எடுத்தானோ. கதவைத் திறந்து பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"எங்கேயும் போகலக்கா. பயப்படாத. பாக்கத்தான் உக்காந்தேன்."

கண்ணாடி முழுக்க மூடியிருந்தது. இரண்டு பேர் மூச்சும் சேர்ந்து இன்னும் மூடியது. அவன் துடைக்கவில்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். முள் ஏறியது. ஹீட்டரைத் திருப்பினான். கண்ணாடியின் அடியிலிருந்து தெளிய ஆரம்பித்தது. முதலில் போனட் தெரிந்தது, பிறகு வேலி, பிறகு ரோடு. ஒரு ஆள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து போனார். அவர் தெரு முனைவரை போகிறது தெரிந்தது.

யுவராஜ் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா என்ன மாத்துனாரு?"

"சென்சார்" என்றேன்.

"சென்சார் முள்ளுக்குத்தானே. ஹீட்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவனே சொல்லிக்கொண்டான்: "அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திருக்குது. இப்பிடித்தான் தெளிஞ்சிருக்கும். நான்தான் தூங்கியிருக்கேன்க்கா. ராத்திரி ஊட்டி சவாரி முடிச்சுட்டு அப்படியே வந்தேனல்ல. தூங்கியிருக்கேன். தொடைச்ச மாதிரி ஞாபகம் வர்றது கனவா இருக்கும்."

"அப்படிச் சொல்லாதடா."

"பொறவு எப்படிக்கா? நீயே பாரு, எப்படித் தெரியுதுன்னு."

இஞ்சினை நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

டிசம்பர் 28, சனி

இன்று இவரைக் கெஞ்சினேன். வக்கீலிடம் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். காலில்கூட விழுந்தேன்.

"இப்ப எதைக் காட்டுவே? புது வால்வையா? தம்பியைக் காப்பாத்த அக்காளும் மாமனும் சோடிச்ச கதைம்பாங்க. அன்னிக்கே போட்டோ எடுத்திருந்தா அது வேற."

இவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. 

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைக்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

இவர் ஒவ்வொரு டாக்சிக்காரராகப் போன் செய்து, இலவச செக்கப் என்று கூப்பிடுகிறார். வண்டியை விட்டுவிட்டு அவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்தில் வால்வை மாட்டிவிடுகிறார். பனிக்காலத்தில் இப்படி அக்கறையாகப் பார்க்கிற மெக்கானிக் எங்கே கிடைப்பான் என்று இன்று ஒருவர் என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். சிரித்தேன். வேறென்ன செய்வது?

யுவராஜ் நன்றாகச் சாப்பிடுகிறான். முகம்கூடத் தெளிந்திருக்கிறது. எதையோ முடிவு செய்துவிட்ட முகம். நேற்று யாருக்கும் சொல்லாமல் ஞானசௌந்தரி வீட்டுக்குப் போய்வந்திருக்கிறான். அவருடைய வீட்டுக்காரர் சவரிமுத்துவின் காலில் விழுந்து, தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

"அடிப்பாருன்னு நெனச்சேன். தண்ணி குடுத்தாருக்கா. கண்ணாடி மேல பழியைப் போட்டுத் தப்பிச்சிருவேன்னு நெனச்சாராம். நெசத்தைச் சொன்னியே, அது போதும் தம்பின்னாரு. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது."

இதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த மூச்சும் போய்விடாதா? இப்படியெல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நாளைக்குக் கேஸ். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாக யுவராஜ் வக்கீலிடம் சொல்லிவிட்டான். வக்கீல் போனில் என்னிடம் கத்தினார்: "நடத்தினா ஜெயிக்க வாய்ப்பிருக்கற கேஸும்மா. இவனாப் போய் உள்ள உக்காருவேங்கறான். நீங்களாச்சும் சொல்லுங்க." சொல்கிறேன் என்றேன்.

அவனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலரில் லேசாகப் பழுப்பு இருந்தது, சோப்பு தேய்த்து மறுபடி துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

கோர்ட்டுக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். இவர் உள்ளே வரவில்லை, வெளியே புளியமரத்தடியில் நின்றுவிட்டார்.

பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் யுவராஜ் என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். நீயும் மாமாவும் அத்தனை நாள் அந்த வண்டியைப் பாத்தீங்க. வண்டியில ஏதாச்சும் இருந்துதா? என் மனசு நோகும்னோ வேற எதுக்காகவோ மறைக்காதே. இருந்துதுன்னா சொல்லு, நான் இப்பவே வக்கீல் சொல்ற மாதிரி நடத்தறேன்."

ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன்.

"செரி" என்றான். கேட்டதற்கு வருத்தப்படுகிறவன் மாதிரி என் தோளைத் தட்டினான்.

மாஜிஸ்திரேட் இரண்டு முறை கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறாயா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று. "இல்லீங்கய்யா, நான் தூங்கிட்டேனுங்க, தப்பு என்னோடதுதானுங்க" என்றான். ஆறு மாதம். சவரிமுத்து கடைசி பெஞ்சில் இருந்தார். தலையைக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கூட்டிப்போகிற போலீஸ்காரர் நல்ல மனுஷர், பேச விட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன், நிற்கவே இல்லை. யுவராஜ் தன் கைக்குட்டையை எடுத்து என் முகத்தைத் துடைத்தான்.

"நீ எதுக்குக்கா அழுவுறே? நீயும் மாமாவும் எனக்காக எவ்வளவு பாத்தீங்க. தப்பு பண்ணுனவன் நானு, நான் போறேன். மாமாகிட்ட மனசை விட்டுராதீங்கன்னு சொல்லு."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.